இரண்டு வார்த்தையும் ஒன்றேகால் மணி பஸ்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு படத்தைக் கெடுத்தேன்.

நடித்துக் கெடுக்கவில்லை. அந்த அளவுக்கு இன்னும் யாரும் என்னை நம்பவில்லை. படம் போடுவதற்கு முன்னால் 'இரண்டு வார்த்தை' பேசச் சொன்னார்கள். பேசினேன். அவ்வளவுதான்... படம் போச்சு.

முதலிலிருந்து சொல்கிறேன். அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தேன் என்பதால் நீங்கள் கொஞ்சம் உஷாராகவே இருக்கலாம்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே பக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை பற்றி எழுதியிருந்தேன். ஒரு ஆவணப்படம் பார்த்த ஜோரில் எழுதியது. அடிமைக் கப்பலில் தொடங்கி, பருத்திக் காடு, ரயில் பாதை வேலை, சர்ச், சாராயக் கடை, ரிக்கார்டு கம்பெனி என்று அந்த இசை நடந்து வந்த வழியை ஒன்றரை மணி நேரத்தில் சொல்கிற படம். நான் எழுதிய தோரணையைப் பார்த்தால், ஏதோ நானே கூடப் போய்ப் பருத்தி பறித்துவிட்டு என் ஊரான காக்களூருக்குத் திரும்பிய மாதிரி இருக்கும்.

அதைப் படித்துவிட்டு ஒரு பெண் போன் செய்தார். பெயர் பியூலா. கும்மிடிப்பூண்டி தாண்டி, எளாவூர் போகிற வழியில் உள்ள ஒரு காலனியில் வீடு. சிப்காட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். காண்ட்ராக்ட் வேலை.

"சார், அந்தப் படத்துல சர்ச்சு பாட்டு பத்தி ஒரு பார்ட்டு வருதுன்னு எழுதிக்கிறீங்களே... அத்த எங்க சர்ச்சு ஹால்ல போட்டுக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. கும்மிடிப்பூண்டியில் கறுப்பின இசை! அதுவும் என் கட்டுரையைப் படித்துவிட்டு! ஆனால் பியூலாவுக்கு என் கட்டுரை மேல் பெரிய மயக்கம் ஒன்றும் இல்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவருக்கு வேறு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். பியூலாவும் அவரோடு வேலை செய்யும் ஏழு பெண்களும் ஒரே காலனி, ஒரே செக்‌ஷன், ஒரே சர்ச். அறுப்பின் பண்டிகைக்காக ஒரு பாட்டு கட்டியிருக்கிறார்கள். (பேர்தான் அறுப்பின் பண்டிகை. காலனியில் இப்போது அறுப்பதற்கு யாரும் போவதில்லை, எல்லோரும் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். பொன்னேரி மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கி வந்து காணிக்கையாக வைக்கிறார்கள்.) பாட்டின் வரிகள் வேதாகம வரிகள். மெட்டுதான் வில்லங்கம். அது கானா மெட்டு.

போன வருடம் கேட்டபோதே சபைக் கமிட்டி வேண்டாம் என்றுவிட்டது. கமிட்டி என்றால் ஏழு பேர். ஆனால் முடிவெடுப்பவர் ஒருவர்தான் — செயலாளர் ஆபிரகாம். ரோலிங் மில்லில் முப்பது வருட சர்வீஸ். குடிக்க மாட்டார், கடன் வாங்க மாட்டார், சத்தம் போட்டுப் பேச மாட்டார். அப்படிப்பட்டவர் வேண்டாம் என்று சொன்னால் யார் எதிர்த்துப் பேச முடியும்? புதிதாக வந்திருக்கும் பாஸ்டர்கூட 'ஆபிரகாம் அண்ணன் சரின்னா எனக்குச் சரி' என்று ஒதுங்கிக்கொண்டார். ஆபிரகாம் சொன்ன காரணம் ஒரே வரி. சாவு வீட்டு மெட்டு சர்ச்சுக்குள் வரக் கூடாது.

படத்தில் பன்னிரண்டு நிமிடம் இதே சண்டைதான் வருகிறது. சாராயக் கடையில் வாசித்த மெட்டை சர்ச்சுக்குள் கொண்டுவருவதா என்று அங்கேயும் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதவு திறந்தது.

"ஆபிரகாம் மாமா அந்தப் பன்னெண்டு நிமிஷம் பாத்தா போதும் சார். நாங்க வாயால சொன்னா எடுபட மாட்டேங்குது" என்றார் பியூலா.

அடுத்த வருடம் பாடிக்கொள்ளலாமே என்று கேட்டேன். வசதியாக வாழ்கிறவன் கேட்கிற கேள்வி. அடுத்த மாதத்தோடு காண்ட்ராக்ட் முடிகிறதாம். அப்புறம் எட்டுப் பேரும் எட்டு கம்பெனி, எட்டு ஷிஃப்ட். ஒரு பாட்டுக்காக ஒன்றாகச் சேர்வது நடக்காத காரியம். இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

பண்டிகையின் நிகழ்ச்சி நிரல் திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. எனவே ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆபிரகாம் சம்மதித்தாக வேண்டும். அவருக்கு அன்றைக்கு பி ஷிஃப்ட் — மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. ஒன்றேகால் மணிக்குக் காலனி முனையில் கம்பெனி பஸ். அதற்குள் படம் முடிய வேண்டும். பதினொன்றரைக்கு ஆரம்பித்தால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். பியூலா எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். என் பேச்சை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை, பாவம்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "படம் இங்கிலீஷ் சார். 'அங்கியும் மொதல்ல வேணான்னுதான் சொன்னாங்க, அப்பறம் சேத்துக்கினாங்க'ன்னு ஒரே ஒரு வரி மட்டும் சொல்லிடுங்க."

ஒரே ஒரு வரி! என்னிடம்!

காக்களூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, லேப்டாப்பும் கடன் வாங்கிய புரொஜெக்டரும் தூக்கிக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்து ஹாலில் நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் ஆபிரகாம். வெள்ளைச் சட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, கையில் வாட்ச். எட்டுப் பெண்களும் பின்வரிசையில் சுவரோரமாக. மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

மைக்கைப் பிடித்தால் எனக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் பூகோளத்தில் ஆரம்பித்தேன். கடல் தாண்டினேன். மிசிசிப்பி நதியின் நீளத்தைச் சொன்னேன் (தப்பாகச் சொன்னேன் என்பது அப்புறம் தெரிந்தது). என் முதல் டேப்ரிக்கார்டரை நான் எப்படி வாங்கினேன் என்பதற்கும் கறுப்பின இசைக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் தெரியாது. ஆனால் ஐந்து நிமிடம் சொன்னேன்.

அடுத்தது இன்னும் மோசம். ஒடுக்கப்படுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கினேன். ஆமாம், அவர்களுக்கு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, இன்றைக்கு காண்ட்ராக்ட் கூலிக்கு நிற்கும் மக்களுக்கு, காக்களூரில் சொந்த வீடும் மாடித் தோட்டமும் வைத்திருப்பவன் விளக்கினேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மனிதர்கள் எவ்வளவு நாகரிகமானவர்கள் என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

தாளத்தையாவது விட்டேனா? அந்த இசையில் அடி விழுகிற இடம் தனி என்று கையைத் தட்டிக் காட்டினேன். மூன்றாவது தட்டிலேயே எனக்குப் பிசகிவிட்டது. பின்வரிசையில் எட்டுப் பேரும் அதை அப்படியே வாங்கி, சுத்தமாகத் தட்டிக் காட்டினார்கள். நான் மைக்கில் என்ன சொன்னேன் தெரியுமா? "கிட்டத்தட்ட சரி" என்றேன்.

நடுவில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. நம் ஊர்க் கூட்டங்களில் மேடைக்குத் துண்டுச் சீட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் முப்பது வருடம் பத்தி எழுதியவனுக்கு அது பாராட்டாகத்தான் தெரியும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்து ரசிக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்தேன். இன்னொன்று வந்தது. அதையும் வைத்தேன். மூன்றாவது சீட்டை மடிக்காமலே கொண்டுவந்து கண் முன்னால் காட்டினார்கள். 'நேரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. "இதோ முடிக்கிறேன்" என்றேன். அதற்கப்புறம் கால் மணி நேரம் பேசினேன்.

மொத்தம் நாற்பது நிமிடம். பியூலா கேட்ட அந்த ஒரு வரி அதில் எங்கேயும் வரவில்லை.

ஒருவழியாகப் படம் ஆரம்பித்தது. அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம். படம் ஆங்கிலம் ஆயிற்றே, அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்கிறேன் என்று நானே முன்வந்தேன். நான்கு தடவை நிறுத்தினேன். திரையில் ரயில் தண்டவாளத்தை ஒரு கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டே கம்பியால் நெம்பித் தள்ளும் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

ஒன்றேகால் மணி பஸ்.

பி ஷிஃப்ட்காரர்கள் இருபது பேர் எழுந்தார்கள். ஆபிரகாம் என்னிடம் வந்து கையைப் பிடித்து, ரொம்ப நன்றாக இருந்தது சார், அந்த ஜனங்க பாவம் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்றார். போகிற போக்கில் பியூலாவிடம், "வழக்கமான பாட்டே பாடிடுங்கம்மா. நாளிக்கி பேப்பரு அச்சுக்குப் போவுது" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

பியூலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தரையைப் பார்த்தபடி நின்றார். மற்ற ஏழு பேரும் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள்.

சட்டைப் பையிலிருந்த சீட்டுகளை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முதல் சீட்டு: 'சார், மாமாவுக்கு 1.15 பஸ்.' இரண்டாவது: 'சர்ச் பார்ட் மட்டும் போடுங்க சார். ப்ளீஸ்.'

வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் எனக்குத் தேவைதான்.

ஒரு நாளும் யோசிக்காமல் எதையும் செய்யாதவன் நான். யோசித்தும் பெரும்பாலும் செய்யாதவன். ஆனால் அன்றைக்கு லேப்டாப்பைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினேன். புரொஜெக்டர் ஒயர் வால் மாதிரி பின்னாலேயே இழுபட்டு வந்தது. நகர ஆரம்பித்திருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினேன்.

டிரைவர் ஐடி கார்டு கேட்டார். இல்லை என்றேன். எந்த டிபார்ட்மென்ட் என்றார். கறுப்பின இசை என்று வாய் வரை வந்தது, நல்லவேளை அடக்கிக்கொண்டேன். ஆபிரகாம்தான் எழுந்து, நம்ம ஆள்தான், விடுப்பா என்று பக்கத்தில் இடம் கொடுத்தார்.

பன்னிரண்டு நிமிடம்தான் அண்ணே, நீங்கள் பார்க்க வேண்டியதை நான் பேசியே தொலைத்துவிட்டேன் என்று சொல்லி, லேப்டாப்பை அவர் சாப்பாட்டுப் பை மேல் வைத்து அந்த இடத்திலிருந்து ஓடவிட்டேன்.

படம் தொடங்கியதும் என் வாயும் தொடங்கியது. "அங்கேயும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், அப்புறம் சேர்த்துக்கொண்டார்கள்" என்றேன். அப்பாடா, அந்த வரி கடைசியில் வந்துவிட்டது! மேலே விளக்கப் போனேன். அவர் என் முழங்கையில் கை வைத்தார்.

"தெரீது சார். கொஞ்ச நேரம் கம்முனு இருங்க."

இருந்தேன். எளாவூர் செக்போஸ்டில் தேங்கிய லாரிகள் அன்றைக்கு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. லாரி வரிசையைக் கண்டாலே திட்டுகிறவன், அன்றைக்குக் கும்பிட்டேன். பஸ் ஊர்ந்தது. பின் சீட்டில் இருந்தவர்கள் எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

சர்ச்சில் பெண்கள் கைதட்டிப் பாடுகிறார்கள். முன்வரிசையில் கோட்டு போட்ட ஒரு பெரியவர். கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். காட்சி நகர்ந்துவிட்டது. ஆபிரகாம் அதைப் பின்னால் தள்ளி மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார்.

"அந்த ஆளு கால பாருங்க சார்."

பார்த்தேன். கட்டிய கை கட்டியபடி இருக்கிறது. முகம் கல் மாதிரி இருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் வலது கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, அந்தக் கால் என் கண்ணில் பட்டதே இல்லை. தெரிந்தவன் என்று பேர் எடுத்துவிட்டால் ஒரு சௌகரியம் உண்டு. அதற்கப்புறம் எதையும் பார்க்க வேண்டியதில்லை, விளக்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம்.

ஆபிரகாம் பேச ஆரம்பித்தார். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை, லேப்டாப்பிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

"என் நைனா பாடுவாரு சார். சாவுக்கு. பெரிய ஊட்டு சாவுன்னா தெரு முனையிலியே நின்னு பாடணும், உள்ள போவக் கூடாது. நான் சின்னப் பையன், பக்கத்துல குந்திக்கினு இருப்பேன். அவரு பாட்டு எடுத்தா எங்காலு தானா ஆடும். ஒரு நாளு அந்த ஊட்டு ஆளு அத்த பாத்துட்டு, 'அடுத்த ஆளு ரெடியாயிட்டான்டா'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

ரோட்டைப் பார்த்தார்.

"நைனாவும் சிரிச்சாரு சார்."

சாவு வீட்டு மெட்டு என்று அவர் சொன்னதை, பழமைவாதம் என்று நான் என் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. எந்த இடத்திலிருந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு அந்த மனிதர் சர்ச்சுக்குள் வந்தாரோ, அந்த இடம் அவர் பின்னாலேயே வந்து கதவைத் தட்டினால் அவர் எப்படித் திறப்பார்?

ஆபிரகாம் திரையை விரலால் தொட்டார். அந்தக் கோட்டுக்காரரின் முகத்தில் படத்தை நிறுத்திவைத்திருந்தேன்.

"இவுரப் பாத்து அங்க யாரும் சிரிக்கல, பாத்தீங்களா" என்றார்.

ஆமாம். சிரிக்கவில்லை. அந்தச் சர்ச்சில் எல்லோருமே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மில் கேட் தெரிந்தது. அவர் என் போனில் பியூலாவை அழைக்கச் சொன்னார். அழைத்துக் கொடுத்தேன்.

"யம்மா, நான் மாமா பேசறேன். உங்க பாட்டையே பேப்பர்ல போடச் சொல்லிடு. பாஸ்டருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவசரப்படுத்தாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அழுவாத. போய் பழகுங்க. கைதட்டு எல்லாம் ஒண்ணா உழுவணும்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார்.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி கார்டு தேய்க்கும் வரிசையில் நின்றார்கள். செக்யூரிட்டி என்னையும் லேப்டாப்பையும் தொங்கும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏ ஷிஃப்ட் ஆட்கள் வந்து இதே பஸ் திரும்பிப் போகும்வரை சார் உள்ளேயே உட்கார்ந்திருப்பார் என்று ஆபிரகாம் அவருக்குச் சமாதானம் சொன்னார். படியில் இறங்கியவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"ஒரு விஷயம் சார், தப்பா எடுத்துக்காதீங்க. பண்டிகைக்கு நீங்க கண்டிப்பா வரணும். சாப்பாடு நம்ம ஊட்லதான். ஆனா... பேச வேணாம் சார்."

"சரி" என்றேன்.

அன்றைக்கு நான் பேசியதிலேயே உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.